இருபத்து நான்கு பைசா கணினியும் நண்டு படம் போட்ட கார்டும்

பி.காம் படிக்கிறவனுக்கு நெட்வொர்க் கார்டோடு என்ன வேலை என்று என் வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். நியாயம்தான். எனக்கும் போன மாதம் வரை அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது.

எங்கள் மாமா பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடையில் இரண்டு கணினிகள். முன்னால் பில் போடுவது ஒன்று. பின் அறையில் 2009-ல் வாங்கிய பழசு ஒன்று. டேலி கணக்கு முழுவதும் அந்தப் பழசில்தான் இருக்கிறது, முன் கணினி லேன் வழியாக அதைத் திறந்து வேலை செய்யும். ஒரு சனிக்கிழமை ராத்திரி நல்ல இடி மின்னல். மறுநாள் பார்த்தால் பழைய கணினி உயிரோடு இருக்கிறது, ஆனால் மதர்போர்டில் இருக்கும் லேன் போர்ட் செத்துவிட்டது. கேபிள் சொருகினால் விளக்கு எரியவில்லை.

சர்வீஸ் அண்ணன் வந்து பார்த்தார். "இந்த போர்டு இப்ப வராதுண்ணே. புதுசு ஒண்ணு போட்டுருங்க, முப்பத்திரண்டாயிரம் ஆகும். டேட்டாவை நான் மாத்தித் தர்றேன்" என்றார். மாமா என்னைப் பார்த்தார். "என்ன மாப்ளே, காமர்ஸ் படிக்கிறியே, நீ என்ன சொல்ற?"

திங்கட்கிழமை காலையில் கடை திறக்க வேண்டும். செவ்வாய் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி. அதைவிடப் பெரிய விஷயம் பழைய வருடக் கணக்குகள். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். அதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, முன் கணினியால் அதை எட்ட முடியவில்லை, அவ்வளவுதான் பிரச்சினை. ஒரு கம்பி போகும் வாசல் அடைத்துக்கொண்டதற்கு வீட்டையே இடித்துக் கட்டு என்கிறார் சர்வீஸ் அண்ணன்.

(யூஎஸ்பி லேன் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குமே என்று கேட்கப் போகிறவர்களுக்கு: கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரில் கிடைக்காது.)

வீட்டுப் பரணில் மாமா பையன் விட்டுப்போன அட்டைப்பெட்டி ஒன்று உண்டு. செத்த மவுஸ், டயலப் மோடம், நாலைந்து ராம் துண்டுகள். அதற்குள் ஒரு பச்சை நிற கார்டு, நடுவில் இருந்த சிப்பில் நண்டு படம். ரியல்டெக் ஆர்டிஎல்8139. இருபது வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்த கணினி வைத்திருந்தவர்கள் இதைப் பார்த்தவுடன் "அட, இதுவா" என்பார்கள். நல்லவேளை, பழைய மதர்போர்டில் வெள்ளை நிற பிசிஐ ஸ்லாட் இரண்டு இருந்தன. இப்போது வரும் போர்டுகளில் பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ்தான், அதில் இந்தக் கார்டு நுழையவே நுழையாது.

மாட்டினேன். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி. கார்டோடு வந்த டிரைவர் ஃப்ளாப்பியில் இருக்கிறது. கணினியில் ஃப்ளாப்பி டிரைவ் இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை, அது 32-பிட் டிரைவர், இங்கே ஓடுவது 64-பிட் விண்டோஸ். 64-பிட்டில் 32-பிட் டிரைவர் ஏறாது. மொபைலில் தேடினால் வந்த முதல் பத்தில் பாதி, "உங்கள் டிரைவர்களைப் புதுப்பிக்கிறோம்" என்று ஏதோ ஒரு நிரலை இறக்கச் சொல்லும் தளங்கள். கணக்குப் புத்தகம் இருக்கும் கணினியில் அந்த மாதிரி ஒன்றை ஏற்றுவது, கல்லாப்பெட்டிச் சாவியை பஸ் ஸ்டாண்டில் வைத்துவிட்டு வருவதற்குச் சமம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

ஆக, நல்ல கணினி, நல்ல கார்டு, நல்ல கேபிள். நடுவில் சில நூறு கிலோபைட் மென்பொருள் இல்லை என்பதற்காக மூன்றும் குப்பை.

அப்புறம்தான் பென்டிரைவில் இருந்த லினக்ஸ் ஞாபகம் வந்தது. அதிலிருந்து பூட் செய்து, பிசிஐ கருவிகளைப் பட்டியல் போடும் கட்டளையைக் கொடுத்தேன். கார்டையே காணோம்! அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் கணினியை அணைத்து, மின்சார வயரைப் பிடுங்கி, கார்டைக் கழற்றிப் பார்த்தால் தங்க நிறப் பற்கள் கறுத்துப்போய் இருந்தன. பள்ளிக்கூட ரப்பரால் அவற்றை மெதுவாகத் தேய்த்து, கணினியின் இரும்புப் பெட்டியை ஒரு தடவை தொட்டுவிட்டு (கையில் நிலைமின்சாரம் இருந்தால் சிப் போய்விடும்), ஸ்லாட்டில் கட்டை விரலால் அழுத்திச் சொருகினேன். இந்த முறை வந்தது. தயாரிப்பாளர் எண் 10ஈசி, கருவி எண் 8139. எந்த டிரைவரும் நான் போடவில்லை. 8139டூ என்ற டிரைவர் லினக்ஸ் கர்னலோடேயே வருகிறது. கேபிளைச் சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது, 100 எம்பிபிஎஸ்.

பழைய டிஸ்க்கில் கை வைக்காமல், என்னிடம் இருந்த ஒரு எஸ்எஸ்டியில் லினக்ஸை நிறுவி, சாம்பா (அரிசி இல்லை, விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) போட்டு, டேலி ஃபோல்டரை முழுவதுமாகப் பிரதி எடுத்து அதில் பகிர்ந்தேன். முன் கணினியிலிருந்து திறந்தது. சுமார் 1.2 ஜிபி, முன் கணினிக்கு ஒரு பேக்கப் எடுக்க இரண்டு நிமிடம் ஆனது.

இதில் என்னை யோசிக்க வைத்தது, இந்த 8139 ஒன்றும் உயர்ந்த கார்டு இல்லை என்பது. இதற்கு ஃப்ரீபிஎஸ்டி டிரைவர் எழுதிய பில் பால், அந்தக் கோடின் தலைப்பிலேயே இந்தச் சிப்பின் மட்டமான வடிவமைப்பைத் திட்டித் தீர்த்திருக்கிறார். வரும் தகவல் பொட்டலங்களை எல்லாம் ஒரே வளையத்தில் கொட்டிவிடும், பிராசசர்தான் ஒவ்வொன்றாக எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். அனுப்புவதற்கு நான்கே நான்கு இடங்கள். அப்படியும் இது பிழைத்திருக்கிறது. விலை மலிவு என்பதால் உலகமெங்கும் பரவியது. அது எப்படி இயங்குகிறது என்ற ஆவணம் டிரைவர் எழுதுகிறவர்கள் கைக்குக் கிடைத்தது. நாசாவில் இருந்த டொனால்ட் பெக்கர் லினக்ஸுக்கு முதலில் எழுதினார், பிறகு ஜெஃப் கார்ஸிக் திருத்தி எழுதினார். க்யூஇஎம்யூ மென்பொருளில் மெய்நிகர் கணினிக்குள் போலி 8139 கார்டு கூட உண்டு.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 2000-களில் பிராட்காம் வயர்லெஸ் கார்டு வைத்திருந்த லினக்ஸ்காரர்கள் விண்டோஸ் டிரைவரையே என்டிஐஎஸ்ராப்பர் என்ற ஒட்டுப்போட்ட வழியில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் சிப்பைக் குடைந்து பார்த்து தாங்களே டிரைவர் எழுதினார்கள். நிறுவனம் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது 2010-ல்தான்.

அதனால் என் கருத்து இது. ஒரு பொருளை விற்பவர், "இதற்கு மேல் இதற்கு டிரைவர் தர மாட்டோம்" என்று கைகழுவும் நாளில், அதன் ஆவணத்தையாவது வெளியிட வேண்டும். இதைச் சட்டமாகவே கேட்கலாம். மின்னணுக் கழிவு விதிகள் 2022 என்று நம் நாட்டில் உண்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் உற்பத்தியாளரின் பொறுப்பு மறுசுழற்சி செய்த எடையில் அளக்கப்படுகிறது. பொருள் குப்பையான பிறகு வரும் பொறுப்பு அது. குப்பையாகாமல் இருக்க ஒரு ஆவணம் போதும் என்றால் அதை ஏன் கேட்கக் கூடாது? தொழில் ரகசியம் போய்விடும் என்பார்கள். விற்பதையே நிறுத்திவிட்ட சிப்பில் காப்பாற்ற என்ன ரகசியம் மிச்சம் இருக்கிறது?

நம் பாடத்துக்கும் வருகிறேன். கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணையில் மேசைக் கணினிக்கு ஆயுள் 3 வருடம், சர்வர், நெட்வொர்க்குக்கு 6 வருடம். மாமா கடை கம்பெனி இல்லை, வருமான வரித் தேய்மானம்தான். 22,000 ரூபாய்க் கணினி, 2017 மார்ச் வரை 60 சதவீதம், அதன் பிறகு 40 சதவீதம் என்று தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2025 மார்ச் முடிவில் அதன் மதிப்பு 24 பைசா! அந்த 24 பைசாதான் இன்று கடையைத் திறக்க வைத்தது.

கரண்ட் பில்லைச் சொல்லி ஒருவர் மடக்கலாம். அதையும் போட்டேன். பழசு 80 வாட், நாளுக்கு 10 மணி நேரம், 300 நாள், 240 யூனிட். 15 வாட் மினி கணினி என்றால் 45 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் வருடத்துக்கு 1,755 ரூபாய். முப்பத்திரண்டாயிரத்தை மீட்க 18 வருடம் ஆகும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், இந்த மதர்போர்டு நாளைக்கே மொத்தமாகப் போகலாம். அதனால் தினமும் ராத்திரி முன் கணினியில் பேக்கப் எடுக்கும்படி வைத்திருக்கிறேன்.

3பி 20-ஆம் தேதி மதியமே போய்விட்டது. சர்வீஸ் அண்ணன் நேற்று கடைக்கு பெயிண்ட் வாங்க வந்தவர், பின் அறையில் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த நண்டு கார்டு என்கிட்ட ஒரு பை நிறைய கிடக்கு, வேணுமா?" என்றார். இரண்டு எடுத்து வைத்துக்கொண்டேன்.