சரிகையை உரசுகிறோம்... காரை?

எங்கள் செவிலிமேட்டில் யாரையாவது நிறுத்தி, ஒரு பட்டுச் சேலையைக் கையில் கொடுத்துப் பாருங்கள். முந்தானையைத் திருப்புவார். கோர்வை ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பின்பக்கம் பார்ப்பார். ஒரு இழையை உருவி, நெருப்பில் காட்டி, முடி கருகின வாசனை வருகிறதா என்று மூக்கை நீட்டுவார். சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று விசாரணைக் கமிஷன் வைப்பார். இருபதாயிரம் ரூபாய்ச் சேலைக்கு இத்தனை பரீட்சை!

அதே ஆசாமி பழைய கார் வாங்கும்போது என்ன செய்கிறார்? செல்போனில் நாலு போட்டோ பார்க்கிறார். 'சூப்பரா இருக்கில்ல?' என்கிறார். அட்வான்ஸை அனுப்பிவிடுகிறார். பரீட்சை ஓவர். ரிசல்ட்? அதைச் சொல்லத்தான் இந்த வாரம்!

பக்கத்துத் தெரு தறிக்கார அண்ணன் ஒருவர். வயசான அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒரு கார் வேண்டும். நெட்டில் பிடித்துவிட்டார். மூன்று லட்சம் பெறுமான ஸ்விஃப்ட், ஒண்ணே கால் லட்சத்துக்கு. விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம். திடீர் டிரான்ஸ்ஃபராம். யூனிஃபார்ம் போட்டோ, கேன்டீன் கார்டு, ஆதார் எல்லாம் அனுப்பியிருந்தார். வண்டி மீனம்பாக்கத்தில் நிற்கிறது. ராணுவ லாரியிலேயே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். லாரிச் செலவு ரூ. 5,150 மட்டும் முதலில் அனுப்பணும்.

"தம்பி, மிலிட்டரிக்காரர் பொய் சொல்வாரா?"

"மிலிட்டரிக்காரர் சொல்ல மாட்டார் அண்ணே. இவர் மிலிட்டரிக்காரர்தானா?"

"கார்டெல்லாம் அனுப்பியிருக்காரே!"

"கேக்காமலே ஆதார் அனுப்பற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? வண்டியைப் பார்க்க மச்சான் நேர்ல வர்றான், எந்த கேட்டுன்னு கேளுங்க."

கேட்டார். 'செக்யூரிட்டி ஏரியா, வெளியாள் வரக்கூடாது' என்று பதில் வந்தது. 'அப்போ வண்டி வந்ததும் லாரிச் செலவை வாசல்லயே தர்றேன்' என்றார் அண்ணன். அதோடு ராணுவம் பின்வாங்கிவிட்டது. போன் ஸ்விட்ச் ஆஃப்!

ஐயாயிரம்தானே என்று நினைக்காதீர்கள். அது முதல் தவணை. அடுத்து ஜி.எஸ்.டி., அப்புறம் 'திருப்பித் தரும் டெபாசிட்', அப்புறம் லாரி லேட்டானதற்கு அபராதம். போன பணத்தை மீட்கிற ஆசையிலேயே மனுஷன் மேலும் மேலும் அனுப்புவான். வாளியை எடுக்கப் போய் பாதாளக் கரண்டியையும் கிணற்றில் விடுகிற கதை.

இந்த 'மிலிட்டரி'களைத் தேடி, 2020-ல் சென்னைப் போலீஸ் தனிப்படை ராஜஸ்தான் பரத்பூர் மாவட்டம் வரை போய் ஆட்களைப் பிடித்து வந்தது. 2023 ஏப்ரலில் ஹரியானாவின் நூ மாவட்டத்தில் சுமார் 5,000 போலீஸார், 14 கிராமங்களில் ஒரே ராத்திரியில் சோதனை போட்டார்கள். நாம் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி, அங்கே செல்போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள்!

விற்கிறவருக்கும் வலை உண்டு. பேரமே பேசாமல் 'வாங்கிக்கறேன்' என்பார். (காஞ்சிபுரத்தில் பேரம் பேசாத ஆளைப் பார்த்தாலே உஷாராக வேண்டாமா?) 'கியூ.ஆர். கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போடுங்க, பணம் வந்துடும்' என்பார். வரவு வேறு, பற்று வேறு என்பது பி.காமில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். யு.பி.ஐ.யில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். எண்ணைப் போட்டீர்கள் என்றால் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, நிஜமான வண்டி, நிஜமான ஆள். அப்போது?

பட்டப்பகலில், அவர் வீட்டிலேயே பாருங்கள். தெரிந்த மெக்கானிக்குக்கு ஒரு காபியும் கூலியும் கொடுத்துக் கூட்டிப் போங்கள். என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். அரசாங்கத்தின் பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைத் தட்டினால் வயசு, இன்ஷூரன்ஸ், கடன் எல்லாம் ஜாதகம் மாதிரி வரும். கடன் இருந்தால், பாங்க் தருகிற தடையில்லாச் சான்றும் 35-ஆம் நம்பர் ஃபாரமும் கைக்கு வராமல் பணம் நகரக்கூடாது.

2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன! அப்படி ஒன்று பாலீஷ் போட்டுக்கொண்டு உங்களிடம் வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுற்றியிருக்கிற பகுதியில் சேற்றுக் கறை தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் கைவிட்டுத் துருவைப் பாருங்கள். காருக்குள் கல்யாண மண்டபம் மாதிரி சென்ட் மணந்தால், எதையோ மறைக்கிறார்கள்.

விற்றவர்கள் 'பணம் வந்தாச்சு, பீடை விட்டாச்சு' என்று தூங்கிவிடுகிறார்கள். ஒருவர் 2007-ல் காரை விற்றார். அது கைமாறிக் கைமாறிப் போய், 2009-ல் விபத்து. இன்ஷூரன்ஸ் இல்லை. ஆர்.சி.யில் மட்டும் பழைய பெயரே இருந்தது. 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு: பதிவில் யார் பெயரோ அவரே ஓனர், அவரே நஷ்டஈடு தரணும்! எனவே 29, 30-ஆம் நம்பர் ஃபாரங்களை வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். விற்றவர் 14 நாளுக்குள், வாங்கினவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும் என்பது சட்டம். சாவி கொடுத்த தேதி, நேரம் போட்டு ஒரு ரசீது வாங்குங்கள். ஃபாஸ்டேக்கையும் மறக்காமல் முடித்துவிடுங்கள். அவர் டோல்கேட் தாண்டினால் உங்கள் பணம் போகும்.

இங்கே பக்கத்தில்தான் சாலைக் கிணறு. விந்தியக் காட்டில் தவித்த ராமானுஜரை வேடன் வேடுவச்சியாக வந்து காஞ்சிக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள் வரதரும் தாயாரும் என்பது ஐதீகம். வழியில் வந்த முன்பின் தெரியாதவர்கள்தான். ஆனால் அவர்கள் கேட்டது குடிக்கத் தண்ணீர், அட்வான்ஸ் இல்லை!

அப்படியும் ஏமாந்துவிட்டால், 'வெளியே தெரிந்தால் கேவலம்' என்று மூடி வைக்காதீர்கள். உடனே, அதே மணி நேரத்தில், 1930-க்குப் போன் போடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்படுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.