தடைகளை மட்டும் பார்க்கும் சட்டம்

திருமுல்லைவாயில் தலவரலாறு நாம் அறிந்ததே. யானையின் காலைச் சுற்றிக்கொண்ட முல்லைக்கொடியைத் தொண்டைமான் வாளால் வெட்டினான். அடியில் இருந்த இலிங்கத்தின் மீது வாள் பட்டுக் குருதி பெருகிய பின்னரே பதறினான். தடையை மட்டும் கண்டு, அடியில் இருப்பதைக் காணாத அந்தப் பார்வை நம் விமான நிலைய விதிகளிலும் தொடர்கிறது என்பதே நம் கருத்து.

2015-ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகள், விமான நிலையத்தைச் சுற்றி 20 கி.மீ. வரை கட்டடங்களின் உயரத்தை வரையறுக்கின்றன. மீனம்பாக்கத்தை மையமாகக் கொண்டால் திருமுல்லைவாயிலும் அவ்வட்டத்துள் அடங்கும். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆம் விதியோ, 10 கி.மீ. எல்லைக்குள் பறவைகளை ஈர்க்கும் குப்பையைக் கொட்டலாகாது என்றது. அந்த எல்லைக்குள்ளேயேதான் பெருங்குடிக் குப்பைமேடு பல பத்தாண்டுகள் வளர்ந்தது. விதி ஏட்டிலும் குப்பை நிலத்திலும் ஒருசேர வாழ்ந்தன.

இவ்விதிகள் தேவையற்றவை என்று நாம் சொல்லவில்லை. 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் நிலையத்தில் பறவைகள் மோதிய விமானம், சக்கரங்கள் இறங்காமலே தரையைத் தொட்டு, ஓடுதளத்துக்கு அப்பாலிருந்த கான்கிரீட் மேட்டில் மோதியது. 179 பேர் மாண்டனர். தரையில் இருப்பது விமானத்துக்கு இடர் தருமா என்பது உரிய கேள்விதான். விமானம் தரையில் இருப்போருக்கு இடர் தருமா என்னும் மறுகேள்விக்குத்தான் இவ்விதிகளில் இடமில்லை.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் எழுந்த விமானம், ஓடுதள முனையிலிருந்து இரண்டு கி.மீ.க்கும் குறைவான தொலைவில் மருத்துவ மாணவர் விடுதியின் மீது விழுந்தது. நண்பகல் உணவு நேரம். விமானத்தில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்தனர். விடுதியின் உயரம் விபத்துக்குக் காரணமன்று. அது நின்ற இடமே உயிர்ப்பலியைப் பெருக்கியது. ஆனால் ஒரு வாரத்துக்குள் நடுவண் அரசு வெளியிட்ட வரைவு விதிகள், உயர வரம்பை மீறும் கட்டடங்களையும் மரங்களையும் அகற்றுவது பற்றியே பேசின.

பிரிட்டனில் ஓடுதள முனைகளுக்கு அப்பால் பொதுப் பாதுகாப்பு வலயங்கள் உண்டு. அங்கே மக்கள் தொகை பெருகும்படியான புதிய கட்டடங்களுக்கு இசைவு தருவதைத் தவிர்க்கிறார்கள். அத்தகைய வலயம் நமக்கும் வேண்டும். பொழிச்சலூரிலும் கொளப்பாக்கத்திலும் வாழ்வோரை வெளியேற்றச் சொல்லவில்லை. இருக்கும் வீடுகள் இருக்கட்டும். புதிய பள்ளி, மருத்துவமனை, விடுதி ஆகியவை ஓடுதளத்தின் நேர்க்கோட்டில் எழ வேண்டாம். மனை வாங்குபவர் பத்திரப் பதிவுக்கு முன்பே அறியும்படி, வலய வரைபடம் தமிழில் உள்ளாட்சி அலுவலகத்தில் தொங்க வேண்டும்.

2022-இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர்த் திட்டத்தை ஏகனாபுரம் மக்கள் எதிர்த்து வருகிறார்கள். அவ்வழக்கு எப்படி முடிந்தாலும், நிலையத்தின் மதிலோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடாது. மதிலுக்கு வெளியே, விமானங்களின் நிழலில் வாழப்போகிறவர்களையும் வரைபடம் இன்றே கணக்கில் கொள்ளட்டும். மனைப்பிரிவுகள் முளைத்த பின் வாளை எடுத்துப் பயனில்லை.