கையில் வாழும் மரபு

நுழையும்முன்
நகையைச் செல்வத்தின் அடையாளமாகக் கருதுவது உலக வழக்கு. வாழ்ந்த ஊரை இழந்து பல நாடுகளில் சிதறிய ஆர்மீனியருக்கோ அது நினைவின் அடையாளமாகவும் அமைந்தது. அந்நினைவைக் காப்பது பொருளா, பொருளைச் செய்யும் கையா?

ஐரோப்பாவும் ஆசியாவும் சந்திக்கும் காக்கசசுப் பகுதியில் அமைந்த மலைநாடு ஆர்மீனியா. அதன் தலைநகரான யெரெவானில் வெர்னிசாஜ் என்னும் திறந்தவெளிச் சந்தை உண்டு. வெள்ளிக் காதணிகள், மாதுளை வடிவப் பதக்கங்கள், பூவேலை செய்த துணிகள் முதலியவை அங்கு விற்பனைக்கு வைக்கப்படுகின்றன. இத்தகைய சந்தை ஒன்றில் ஒரே தோற்றமுடைய இரு பதக்கங்களைக் காண்பதாகக் கொள்வோம். ஒன்று கம்மியர் தம் கையால் செதுக்கியது. மற்றொன்று அச்சில் வார்த்து நூற்றுக்கணக்கில் எடுத்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே என்றால், விலை குறைந்ததை வாங்குவதில் என்ன பிழை என்று கேட்கத் தோன்றும். இக்கேள்விக்கு விடை காண, அவ்வணிகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிதல் வேண்டும்.

ஆர்மீனிய அணிகலன்களில் எழுத்துகளுக்குத் தனியிடம் உண்டு. மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்னும் துறவி கி.பி. 405ஆம் ஆண்டளவில் ஆர்மீனிய மொழிக்கு 36 எழுத்துகளை வகுத்தளித்தார். இடைக்காலத்தில் சுவடி எழுதியோர், பத்தியின் முதலெழுத்தைப் பறவைகள் வளைந்தும் நிமிர்ந்தும் நிற்கும் கோலத்தில் வரைந்தனர். அப்பறவை எழுத்துகளே இன்று வெள்ளிப் பதக்கங்களாகக் கழுத்தில் திகழ்கின்றன. இவ்வெழுத்துகளுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் சென்னையில்தான் அச்சிடப்பட்டது. சென்னையின் ஆர்மீனியன் தெரு, மக்கள் நாவில் அரண்மனைக்காரன் தெருவாகி இன்றும் அவர்கள் வாழ்ந்ததற்குச் சான்று பகர்கிறது.

எழுத்தைப் போலவே கல்லும் அணிகளுக்கு வடிவம் தந்தது. 'கச்கார்' எனப்படும் சிலுவைக் கற்களில் கொடியும் பூவும் பின்னிப் பிணைந்திருக்கும். அவற்றைச் செதுக்கும் கலையை யுனெஸ்கோ 2010இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆயிரக்கணக்கான கற்கள் இருந்தும் ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்பதே அக்கலையின் சிறப்பு. மரபு என்பது படியெடுத்தல் அன்று. பழைய இலக்கணத்தில் புதிய தொடர் எழுதுதல் என்பதை அக்கற்கள் உணர்த்துகின்றன.

இனி, கைத்திறனைக் காண்போம். வான் என்னும் ஏரியின் அருகே அதே பெயருடைய நகரம் ஒன்று உள்ளது. அங்கு வாழ்ந்த ஆர்மீனியக் கம்மியர், வெள்ளியில் நுண்கோடுகளைச் செதுக்கினர். வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றைக் கந்தகத்துடன் உருக்கிய கருங்கலவையை அக்கோடுகளில் நிரப்பிச் சூடேற்றி, பின்னர்த் தேய்த்து மெருகிட்டனர். வெண்ணிலத்தில் கரிய ஓவியம் எழுந்தது. அவர்கள் செய்த இடைக்கச்சைகள் பெரும்புகழ் பெற்றவை. மகளிரோ ஊசியும் நூலும் மட்டுமே கொண்டு, கண்ணி கண்ணியாக முடிச்சிட்டுப் பின்னல் செய்தனர். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே முடிச்சிடப்படுவதால், ஓரிடத்தில் அறுந்தாலும் பின்னல் முழுதும் பிரிந்துவிடாது.

1915இல் ஒட்டோமான் ஆட்சியில் அம்மக்கள்மீது பேரழிவு கவிந்தது. பல இலட்சம் ஆர்மீனியர் கொல்லப்பட்டனர், எஞ்சியோரில் பலர் நாடுகடத்தப்பட்டனர். வீடும் பட்டறையும் போயின. பேழையில் இருந்த நகையும் போயிற்று. ஆயினும் விரல்கள் கற்ற வித்தையைப் பறிக்க எவராலும் இயலவில்லை. சிரியாவிலும் லெபனானிலும் ஏதிலியராய் ஒதுங்கிய பெண்கள், தம் ஊசிவேலையால் பிழைத்தனர். தம் மகளிர்க்கும் கற்பித்தனர். மராஷ், ஐந்தாப் ஆகிய ஊர்கள் இன்று துருக்கியில் உள்ளன. அங்கு வாழ்ந்த ஆர்மீனியச் சமூகங்கள் இன்றில்லை. ஆனால் மராஷ் பூவேலை, ஐந்தாப் பூவேலை என்னும் பெயர்கள் இன்றும் வாழ்கின்றன. ஊரின் பெயரைத் தையலின் பெயர் காத்து நிற்கிறது.

இங்குதான் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அழிவிலிருந்து அம்மக்களை மீட்டெழச் செய்தது, செய்து முடித்த பொருள் அன்று. மீண்டும் செய்யத் தெரிந்த கை. அச்சு வடிவத்தைக் காக்கும், திறனைக் காவாது. கையால் செய்யும் கடைசிக் கம்மியரும் தொழிலை விட்டுவிட்டால், ஆயிரம் வார்ப்புப் பதக்கங்கள் இருந்தும் புதிதாக ஒன்றைப் படைக்க ஆளிராது.

மரபுச் சின்னங்களைக் காதணியாகவும் கைப்பையாகவும் ஆக்குவது அவற்றை மலிவுபடுத்தும் செயல் எனச் சிலர் கூறுவர். அதனை ஏற்பதற்கில்லை. வானில் செய்த கச்சை கண்ணாடிப் பேழைக்காகப் பிறந்ததன்று. மனிதர் இடையில் திகழப் பிறந்தது. அணிவோர் இருந்தால்தான் செய்வோர் இருப்பர். எளியோரும் வாங்க வார்ப்பு நகை வேண்டுமே எனில், அதுவும் நியாயமே. ஆனால் வார்த்ததை வார்த்தது என்றே சொல்லி விற்க வேண்டும். வார்ப்பைக் கைவினை என்று விற்பது, வாங்குபவரை ஏமாற்றுவதோடு, உண்மையாய் உழைப்பவரின் கூலியையும் குறைக்கிறது. கூலி குறைந்த தொழிலை இளையோர் நாடார்.

ஆகவே செய்தவர் பெயர் பொருளோடு சேர்ந்து வர வேண்டும். கற்பிக்கும் முதியோர்க்கும் கற்கும் இளையோர்க்கும் பட்டறைகள் வேண்டும். வாங்குவோராகிய நமக்கும் கடமை உண்டு. எந்நாட்டுக் கைவினைப் பொருளாயினும், விலை கேட்குமுன் இரண்டு வினாக்களைக் கேட்போம்: இதைச் செய்தவர் யார்? இவ்வடிவம் எதைச் சொல்கிறது? இவ்விரண்டிற்கும் விடை கிடைக்கும் வரை அம்மரபு உயிரோடு இருக்கிறது.