திட்ட வரைபடத்தில் லயங்களுக்கும் இடம் வேண்டும்

மூணாறு இன்றும் சட்டப்படி ஒரு கிராம ஊராட்சிதான். ஆனால் ஆண்டு முழுவதும் வாகனங்கள் நெரியும் அதன் கடைவீதியையும், மலைச்சரிவுகளில் அடுக்கடுக்காய் எழுந்து நிற்கும் விடுதிகளையும் பார்ப்பவர் எவரும் அதை நகரம் என்றே சொல்வர். 2010ஆம் ஆண்டில் கேரள உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பின் இங்கே கட்டடம் எழுப்ப வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்று கட்டாயமாயிற்று. அதன் பின்னரும் விதிமீறல்கள் நிற்கவில்லை. மூணாறையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் ஒரே கூட்டுத் திட்டப் பகுதியாக்கி, மலைப்பகுதி ஆணையம் ஒன்றை அமைத்து, மாஸ்டர் பிளான் எனப்படும் முழுமைத் திட்டத்தின் வழியே வளர்ச்சியை ஒழுங்குபடுத்தும் நடவடிக்கையை மாநில அரசு மேற்கொண்டது. காலம் தாழ்ந்து வந்தாலும் இது அவசியமான முயற்சி. இந்தத் திட்டத்தை வரையும் மேசையில் யாருக்கு இருக்கை என்பதே இப்போது எழும் கேள்வி.

திட்டமிடலை மக்களின் கைகளில் ஒப்படைத்த வரலாறு கேரளத்துக்கு உண்டு. 1996 ஆகஸ்ட் 17 அன்று, இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. தோழர் ஈ.எம்.எஸ். அதன் உயர்மட்ட வழிகாட்டும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு வழங்க முடிவாயிற்று. கிணறு, சாலை, பள்ளி, பாசனம் என்று தம் ஊருக்கு எது தேவை என மக்கள் கிராம சபைகளில் கூடி விவாதித்தனர். இந்தியாவின் வேறெந்த மாநிலமும் அந்த அளவுக்குச் சென்றதில்லை.

எனினும் அந்த இயக்கம் பெரும்பாலும் நிதியைப் பங்கிடும் ஆண்டுத் திட்டங்களோடு நின்றது. எந்த நிலத்தில் வீடு எழும்பலாம், எங்கே விடுதி கூடாது, எந்தச் சரிவைத் தொடலாகாது என்று பல்லாண்டுகளுக்கு முடிவு செய்யும் நிலப் பயன்பாட்டுத் திட்டம் இன்னும் துறை வல்லுநர்களின் பணியாகவே இருந்து வருகிறது. வரைவு தயாரான பிறகு அரசிதழில் அறிவிப்பு வெளியாகும்; ஆட்சேபணை இருந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுதித் தரலாம். விடுதி உரிமையாளரிடம் இந்த அறிவிப்பைப் படித்துச் சொல்ல வழக்கறிஞர் இருக்கிறார். காலையில் கொழுந்துக் கூடையுடன் மலையேறி மாலையில் லயம் திரும்பும் பெண் தொழிலாளியிடம் அதைக் கொண்டு சேர்ப்பது யார்?

அவளுக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போருக்குப் பெட்டிமுடி பதில் சொல்லும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, கொட்டிய மழையில் மலை சரிந்து அங்கிருந்த லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். சிலரது உடல்கள் கிடைக்கவே இல்லை. மாண்டோரில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. 1924 ஜூலையின் பெருவெள்ளம் மூணாறு நகரையும் குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதையையும் அழித்ததை அறிந்த பகுதி இது. ஆனாலும் எந்த லயம் எந்தச் சரிவில் இருக்கிறது, அதன் மேலே எந்த நீரோடை ஓடுகிறது என்பதைக் குறித்து வைத்த மக்கள் வரைபடம் எதுவும் அன்று கிடையாது. மழை வலுத்தால் எந்த ஓடை திசை மாறும் என்று தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தோருக்குத் தெரியும். அந்த அறிவைக் கேட்டுப் பெறும் வழக்கம் திட்டத் துறைக்கு இல்லை.

பாதுகாப்போடு குடியிருப்பு உரிமையும் இதில் அடங்கியுள்ளது. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெறும் நாளில் அதைக் காலி செய்ய வேண்டும். மூன்று, நான்கு தலைமுறை உழைத்த குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத நிலை பரவலாக உள்ளது. 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தால் அரசின் கைக்கு வந்த நிலம் விவசாய மக்களின் நலனுக்கு உரியது என்பதே அச்சட்டத்தின் நோக்கம். வரவிருக்கும் வரைபடத்தில் எஸ்டேட் முழுவதும் 'தோட்டம்' என்று ஒரே பச்சை நிறத்தில் தீட்டப்பட்டால், ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு வீட்டுமனை கேட்கும் கோரிக்கைக்கு அங்கே இடமே இராது. பாதுகாப்பான நிலத்தில் தொழிலாளர் குடியிருப்புக்கு இடம் ஒதுக்குவதை இத்திட்டத்திலேயே எழுதிப் பெற வேண்டும்.

கடல் கடந்த நம் உறவுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் பிரதேச சபைகள் செலவு செய்வதற்குத் தடையாக நின்றது. மலையகத் தமிழர்கள் வாக்களித்தனர், உறுப்பினர்களையும் அனுப்பினர். ஆனால் தம் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடத் தாம் தேர்ந்தெடுத்த சபையை நாட முடியவில்லை. நெடிய போராட்டத்துக்குப் பின் 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. தோட்ட எல்லையில் உள்ளாட்சி நின்றுவிட்டால் தொழிலாளி பாதிக் குடிமகனாகவே இருப்பான்.

அடுத்தது மொழி. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் தாய்மொழியில் அரசுக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் வழி செய்துள்ளது. அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவும் மனு அளிக்கும் மொழியுரிமையை உறுதி செய்கிறது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் திட்ட வரைவும் வரைபடக் குறிப்புகளும் தமிழில் கிடைக்க வேண்டும் எனக் கேட்பது சலுகை கோருவதாகாது. ஆவணம் மக்களின் மொழியில் வராவிட்டால் என்ன நேரும் என்பதை இடுக்கி ஏற்கெனவே பார்த்துவிட்டது. மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு 2011இல் அறிக்கை அளித்தது. அதை மாநில மொழிகளில் பெயர்த்துக் கிராம சபைகளில் விவாதிக்க வேண்டும் என்பது அக்குழுவின் விருப்பம். ஒன்றிய அரசோ அறிக்கையை மறைத்து வைத்தது. 2012 மே மாதம் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகே வெளியிட்டது. அந்த இடைவெளியில் வதந்தி பரவியது. சிறு விவசாயியின் அச்சத்தைக் கல்குவாரி, விடுதி முதலாளிகள் தமக்குக் கேடயமாக்கிக் கொண்டனர். அதன் விலையை மலை இன்னும் கொடுத்துக் கொண்டிருக்கிறது.

சாமானிய மக்களுக்கு நிலம், நீர் பற்றிய தொழில்நுட்பம் தெரியாது என்போர் சித்தூர் வட்டத்தின் பெருமாட்டி ஊராட்சியை நினைவில் கொள்ளட்டும். பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலை வந்தபின் கிணற்று நீர் கெட்டதை முதலில் கண்டவர்கள் ஆலையைச் சுற்றி வாழ்ந்த ஆதிவாசிகளும் விவசாயத் தொழிலாளர்களுமே. 2002 ஏப்ரலில் அவர்கள் போராடத் தொடங்கினர். 2003 ஏப்ரலில் ஊராட்சி ஆலை உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச் மாதம் ஆலை நின்றது. இழப்பு 216 கோடி ரூபாய் என உயர்நிலைக் குழு மதிப்பிட்டது 2010இல்தான். ஆய்வாளர்கள் எண்ணிக் கணக்கிட்டதை மக்கள் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே தம் கிணறுகளில் சுவைத்து அறிந்திருந்தனர்.

மக்களிடம் விட்டால் ஆக்கிரமிப்பை நியாயப்படுத்துவார்கள் என்ற வாதமும் உண்டு. வல்லுநரின் அறிவு தேவையே. நிலச்சரிவு அபாயப் பகுதியை வாக்கெடுப்பால் பாதுகாப்பானதாக்க முடியாது. ஆனால் மூடிய அறையில்தான் செல்வாக்குள்ளவனின் ஆக்கிரமிப்பு வரைபடத்திலிருந்து நழுவும். அனைவர் முன்னும் விரித்து வைத்த வரைபடத்தில் எந்த விடுதி எந்த ஓடையின் மேல் நிற்கிறது என்பதை மறைக்க முடியாது.

இதில் இடதுசாரி இயக்கம் தன்னையும் கேள்விக்கு உட்படுத்திக் கொள்ள வேண்டும். பல வார்டுகளில் கிராம சபை பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டமாகச் சுருங்கிவிட்டது. வாக்காளர்களில் பத்து சதவீதக் கோரத்தைக் கையெழுத்தால் நிரப்பும் வழக்கமும் வந்துவிட்டது. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு வீதியில் அமர்ந்த பெண் தொழிலாளர்கள், நிர்வாகத்தோடு தொழிற்சங்கத் தலைமைகளையும் சேர்த்தே கேள்வி கேட்டனர். தம்மைக் கேளாமல் தமக்காக முடிவெடுப்பதை அவர்கள் ஏற்கவில்லை. அந்தக் கோபத்தின் நியாயம் திட்டமிடலுக்கும் பொருந்தும்.

எனவே கட்சி அணிகளின் முன் தெளிவான பணிகள் உள்ளன. வரைவு தயாரான பின் ஆட்சேபணை எழுதுவதோடு நின்றுவிடாமல், வரைவுக்கு முன்பே வார்டு வாரியாக மக்களைக் கேட்க வேண்டும் என ஊராட்சிகளிலும் மாவட்டத் திட்டக் குழுவிலும் வலியுறுத்த வேண்டும். அக்குழுவில் குறைந்தது ஐந்தில் நான்கு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களைப் பதில் சொல்ல வைக்க முடியும். தொழிலாளர்கள் வரக்கூடிய விடுமுறை நாளில், லயத்துக்கு அருகிலேயே கூட்டங்கள் நடக்கட்டும். தமிழ் வரைபடம் மஸ்டர் அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் தொங்கட்டும். அபாயச் சரிவுகளையும் ஓடைகளையும் ஓய்வு பெற்றோரின் வீட்டுத் தேவையையும் ஒவ்வொரு கிளையும் பட்டியலிடட்டும். கொடுத்த ஒவ்வொரு கருத்துக்கும் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, ஏன் என்று எழுத்தில் பதில் கேட்கப்பட வேண்டும்.

2022-27 காலத்துக்கான பதினான்காம் ஐந்தாண்டுத் திட்டத்தின் கால எல்லை முடியும்போது அடுத்த திட்டத்துக்கான விவாதம் ஒவ்வொரு வார்டிலும் வரும். அந்த விவாதத்திலேயே நிலப் பயன்பாட்டையும் சேர்த்துப் பேசும் பழக்கத்தைத் தொடங்க வேண்டும். அடுத்த பருவமழை வருமுன் லயங்களின் பட்டியல் கிளைகளின் கையில் இருக்கட்டும்.