பாட்டுக்கு வாடகை

வாடகை வீட்டில் குடியிருப்பது கேவலமான காரியம் இல்லை. மாதம் பிறந்தால் வாடகை; வீட்டுக்காரன் காலி செய்யச் சொன்னால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தெரிந்தேதான் குடிபோகிறோம். சொந்தமாக வாங்குவது ஒரு முறை; ஒத்திக்குப் பிடிப்பது இன்னொரு முறை. ஒவ்வொன்றுக்கும் தனித் தனிப் பத்திரம், தனித் தனி உரிமை. ஆனால் கிரயம் என்று சொல்லிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, வீட்டுச் சாவியை மட்டும் தன் மடியிலேயே முடிந்து வைத்துக்கொள்கிறவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

அமெரிக்காவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்டர்நெட் வழியாகப் பாட்டு விற்கவும் வாடகைக்கு விடவும் புறப்பட்ட கம்பெனிகளின் கதையைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது. அந்தக் கதையை வழக்கமாக ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். 1999-ல் நாப்ஸ்டர் வந்ததாம்; ஜனங்கள் ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து ஒருவர் ஓசியில் பாட்டை எடுத்துக்கொண்டார்களாம்; திருடித் தின்ற நாக்குக்கு வாங்கித் தின்ன மனம் வரவில்லையாம்; அதனால்தான் யோக்கியமான சந்தாக் கடைகள் ஈ ஓட்டினவாம்.

இந்தக் கதை பொய். அரைப் பொய் என்று சொல்லியிருப்பேன். ஆனால் மீதி அரை உண்மையையும் பொய்க்குக் காவலாகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

உண்மையான அரை இது: நாப்ஸ்டரில் போன பாட்டுக்குப் பாடியவனுக்கும் எழுதியவனுக்கும் ஒரு காசு போகவில்லை. அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. எழுத்தை விற்றுப் பிழைக்கிறவன் பாட்டைத் திருடுவதற்கு வக்காலத்து வாங்க முடியாது. வழக்குப் போட்டார்கள், 2001 ஜூலையில் அந்தச் சேவை நின்றது. சரி. பிறகு அந்தக் கம்பெனிகள் ஜனங்களுக்கு என்ன கொடுத்தன? அதைத்தான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

2001 டிசம்பரில், ஒரே மாதத்தில் மூன்று கடைகள் திறந்தன. யூனிவர்ஸலும் ஸோனியும் சேர்ந்து நடத்தியது பிரஸ்பிளே. வார்னர், பி.எம்.ஜி., ஈ.எம்.ஐ. மூன்றும் ரியல்நெட்வொர்க்ஸுடன் சேர்ந்து நடத்தியது மியூசிக்நெட். மூன்றாவது, எந்தப் பெரிய இசைத்தட்டுக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத லிஸன்.காம் என்ற சிறிய நிறுவனத்தின் ராப்ஸடி.

மியூசிக்நெட்டில் மாதம் 9.95 டாலர் கட்டினால் நூறு பாட்டை இணைப்பில் கேட்கலாம், நூறு பாட்டை இறக்கிக்கொள்ளலாம். இறக்கிய பாட்டு முப்பது நாளில் செத்துப்போகும். உயிர்ப்பிக்க வேண்டுமானால் அடுத்த மாதக் கணக்கில் அதையே மறுபடியும் எழுதிக்கொள்ள வேண்டும். சி.டி.யில் பதிய முடியாது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் கருவிக்கும் மாற்ற முடியாது. பிரஸ்பிளேயில் அதே பணத்துக்கு முந்நூறு தடவை கேட்கலாம், முப்பது பாட்டை இறக்கலாம். சந்தா நின்றால் அவையும் நின்றுவிடும். 14.95 டாலர் கட்டுகிறவர் மாதம் பத்துப் பாட்டை சி.டி.யில் பதிந்துகொள்ளலாம். ஆனால் ஒரு நிபந்தனை: ஒரே பாடகரின் பாட்டு இரண்டுக்கு மேல் கூடாது!

இந்த நிபந்தனையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு பாடகியின் குரலில் மனம் பறிகொடுத்தவன், அவள் பாடியதெல்லாம் வேண்டும் என்று தேடுகிறவன், அவன்தானே இசைக்கு உண்மையான வாடிக்கைக்காரன்? அவனைப் பார்த்துத்தான் ‘இரண்டோடு நிறுத்து’ என்கிறார்கள். பாடகிக்குச் சேர வேண்டியது சேரட்டும் என்பதற்காகவா இந்தச் சட்டம்? அவனிடம் மூன்றாவது பாட்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டு அவளுக்குப் பங்கு கொடுத்தால் அல்லவா அவளுக்கு லாபம்? கடையில் விற்கிற சி.டி.யின் வியாபாரம் படுத்துவிடக் கூடாது. அதற்காகவே இந்த வேலி. பாடகியின் பெயரைச் சொல்லிக் கம்பெனி தன் கிடங்குக்குப் போட்டுக்கொண்ட வேலி.

போகட்டும், இத்தனைக்கும் உட்பட்டுப் பணம் கட்ட ஒருவன் முன்வந்தால், கேட்ட பாட்டாவது கிடைத்ததா? அதுவும் இல்லை. ஐந்து பெரிய கம்பெனிகளின் சரக்கும் அந்த இரண்டு கடைகளில் எதிலும் தொடக்கத்தில் முழுதாக இல்லை. ஒரு பாட்டைக் கேட்க வேண்டுமானால் அதை வெளியிட்டது எந்தக் கம்பெனி என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பாட்டுக் கேட்கிற எந்த மனிதன் இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய சீட்டைப் பார்த்துக் கேட்கிறான்? பாட்டைப் பறிமுதல் செய்து ஐந்து அறையில் பூட்டிவிட்டு, ‘ஜனங்கள் வரவில்லையே, எல்லோரும் திருடர்கள்’ என்றார்கள்!

இதற்கு மாறாக நடந்துகொண்டது ராப்ஸடி. பெரிய கம்பெனிகளின் வாசலில் மாதக் கணக்கில் நின்று, 2002 ஜூலைக்குள் ஐந்தின் அனுமதியையும் வாங்கியது. மாதம் 9.95 டாலர், எத்தனை பாட்டு வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். இணைப்பு அறுந்தால் பாட்டு இல்லை. சந்தா நின்றால் ஒன்றுமே இல்லை. இதை அது மறைக்கவும் இல்லை. சி.டி.யில் பதிந்து சொந்தமாக்கிக்கொள்ள வேண்டுமா, தனியே காசு கொடு என்றது. 2003-ல் பாட்டுக்கு 79 சென்ட் என்று வைத்தது. வாடகை என்றால் வாடகை, கிரயம் என்றால் கிரயம். இது நேர்மையான குடக்கூலி.

2003 ஏப்ரல் 28-ந் தேதி ஆப்பிள் கம்பெனி தன் ஐட்யூன்ஸ் கடையைத் திறந்தது. சந்தா கிடையாது, ஒரு பாட்டு 99 சென்ட். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது. திருட்டு நாக்கு படைத்த அதே ஜனங்கள்தான் வாங்கினார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டை வாடகைக்கு எடுக்க யாரும் விரும்பவில்லை, சொந்தமாக்கிக்கொள்ளவே விரும்புகிறார்கள் என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விற்ற பாட்டிலும் ஒரு பூட்டு இருந்தது. கம்பெனி அனுமதித்த சில கம்ப்யூட்டர்களில்தான் பாடும். கையில் எடுத்துப்போகும் கருவி என்றால் ஆப்பிளின் ஐபாடில்தான் பாடும். வாங்கியவன் சொந்தக்காரன், ஆனால் எந்த அறையில் உட்கார வேண்டும் என்பதை விற்றவன் தீர்மானிப்பான்.

இதற்குப் போட்டியாக, திவாலாகிப் போன நாப்ஸ்டரின் பெயரை வேறொரு கம்பெனி விலைக்கு வாங்கியது. ரோக்ஸியோ என்ற அந்தக் கம்பெனி பிரஸ்பிளேயையும் வாங்கி, அதன் மேல் பழைய பெயர்ப் பலகையை மாட்டி 2003-ல் கடை திறந்தது. 2005-ல் அது ஒரு விளம்பரம் செய்தது. ஐபாடை நிரப்பப் பத்தாயிரம் டாலர் ஆகும். எங்களிடம் மாதம் 14.95 டாலர்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றது. போட்டுப் பார்ப்போமே. வருஷத்துக்கு 179 டாலர் 40 சென்ட். பத்து வருஷத்துக்கு 1,794 டாலர். பதினோராவது வருஷம் முதல் மாதம் பணம் கட்டவில்லையென்றால் கையில் மிஞ்சுவது பூஜ்யம். இந்தக் கடைசி வரி விளம்பரக் கணக்கில் விட்டுப்போயிற்று.

அதே 2005-ல் யாஹூ வந்தது. வருஷச் சந்தாவாகக் கட்டினால் மாதம் 4.99 டாலர்தான் ஆகும் என்று எல்லோருடைய விலையையும் அடித்தது. மலிவு, மிக மலிவு. 2008-ல் கடையை மூடியது. இங்கேதான் வாசகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. சந்தா கட்டியவர்களை ராப்ஸடிக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் அதே யாஹூவிடம் தனித் தனியாகக் காசு கொடுத்துப் பாட்டை ‘வாங்கிய’வர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வந்த ஓலை வேறு. செப்டம்பர் 30-க்குப் பிறகு பூட்டைத் திறக்கும் சாவியை நாங்கள் வழங்க மாட்டோம், புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் பாட்டை அதற்கு மாற்ற முடியாது, இப்போதே சி.டி.யில் பதிந்துகொள்ளுங்கள். அதே வருஷம் ஏப்ரலில் மைக்ரோஸாப்ட் தன் எம்.எஸ்.என். கடையில் வாங்கியவர்களுக்கும் இதே ரகக் கடிதம்தான் எழுதியது.

வாடகைக்கு இருந்தவனுக்கு வேறு வீடு காட்டினார்கள். கிரயம் வாங்கியவனைத் தெருவுக்குப் போகச் சொன்னார்கள். ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகு யாஹூ நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டது. மைக்ரோஸாப்ட் 2011 வரை தவணை கொடுத்தது. கூச்சல் போட்டால் கிடைக்கிற நியாயம் கூச்சல் போடுவதற்கு முன்பே கிடைத்திருக்க வேண்டியது அல்லவா?

இத்தனைக்கும் நடுவில் ஒரு கடை சத்தமில்லாமல் இருந்தது. இமியூசிக் என்று பெயர். பெரிய கம்பெனிகளின் பாட்டு அங்கே கிடைக்காது. சிறு கம்பெனிகளின் சரக்குதான். பூட்டில்லாத எம்.பி.3 ஆகவே கொடுத்தது. சில ஆண்டுகள் அளவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 2003 இறுதியில் கைமாறிய பிறகு, மாதம் 9.99 டாலருக்கு நாற்பது பாட்டு என்று கட்டுப்படுத்தினார்கள். வாடிக்கைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். கோபம் நியாயமே. ஆனாலும் ஒரு பாட்டு 25 சென்ட், எடுத்தது எடுத்தவனுக்கே. சந்தாவை நிறுத்தினாலும், கடையே கைமாறினாலும், கம்ப்யூட்டரை மாற்றினாலும் அந்தப் பாட்டு பாடும். இத்தனை கடைகளில் சந்தாவையும் கிரயத்தையும் மானமாகச் சேர்த்து வைத்தது இது ஒன்றுதான் என்பது என் தீர்ப்பு.

பூட்டில்லாமல் கொடுத்தால் தொழிலே அழிந்துவிடும் என்பது பெரிய கம்பெனிகள் வருஷக் கணக்காகப் பாடிய பல்லவி. 2007-ல் ஈ.எம்.ஐ. முதலில் பூட்டைக் கழற்றியது. 2009-ல் ஐட்யூன்ஸ் கடையின் பாட்டெல்லாம் பூட்டில்லாமல் வந்துவிட்டது. தொழில் அழியவில்லை. பூட்டு திருடனுக்காகப் போட்டதல்ல. திருடன் அந்தக் கடைப் பக்கமே வரவில்லையே! காசு கொடுத்தவன் கையில்தான் விலங்கு மாட்டியிருந்தார்கள்.

கடைசியாக ஒரு சாட்சி. 2011-ல் ஸ்பாட்டிஃபை அமெரிக்காவுக்கு வந்தது. கைக் கருவியிலும் கேட்கும் சந்தா அப்போது மாதம் 9.99 டாலர். 2015-ல் வாடகையைப் பழித்த ஆப்பிளே அதே 9.99 டாலருக்கு வாடகைக் கடை திறந்தது. பிரஸ்பிளே கேட்டதும் கிட்டத்தட்ட அதே தொகைதான். ஜனங்கள் கொடுத்தார்கள், இன்னும் சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பத்து வருஷத்தில் ஒரு தேசமே திருந்தி உத்தமமாகிவிட்டதா? ஜனங்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். கேட்ட பாட்டைக் கொடுக்கிற கடை வந்தது, அவ்வளவுதான்.

ஆகவே, வாடகை முறையே பாவம் என்று நான் சொல்லவில்லை. வாடகை நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் படித்து முடித்த பிறகும் கூடவே இருக்க வேண்டும் என்று தோன்றுகிற புத்தகத்தைக் கடையில் போய் வாங்குகிறோம், அலமாரியில் வைக்கிறோம், நமக்குப் பின் நம் பிள்ளைகள் எடுத்துப் புரட்டுகிறார்கள். ஒரு மனிதன் விட்டுப்போன இசைத்தட்டுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் அவன் எப்படிப்பட்டவன் என்று அவனைப் பார்க்காத பேரனுக்குக்கூடத் தெரியும். மாதச் சந்தாவை யார் யாருக்கு எழுதி வைக்க முடியும்? சோப்பும் எண்ணெயும் தீர்ந்துபோகிற சரக்கு. பாட்டு அப்படியல்ல, கேட்கக் கேட்கத்தான் அது நம்முடையதாகிறது. அந்த உறவின் சாவி மூன்றாம் மனிதன் மடியில் இருக்கலாமா என்பதுதான் கேள்வி.

கலிபோர்னியா மாநிலத்தில் 2024-ல் ஒரு சட்டம் செய்தார்கள். 2025 ஜனவரி முதல் அது அமலில் இருக்கிறது. பின்னால் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளக்கூடிய அனுமதியை மட்டும் கொடுக்கிற இன்டர்நெட் கடைக்காரன், அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பொத்தானில் போடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். இதற்கு ஒரு சட்டசபை கூட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, அந்த ஒரு சொல்லை வைத்து இத்தனை வருஷம் எவ்வளவு வியாபாரம் நடந்திருக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டம் எல்லா ஊருக்கும் வருகிற வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பாட்டானாலும் படமானாலும் புத்தகமானாலும், பணத்தை நீட்டுவதற்கு முன் கடைக்காரனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘நாளைக்கு நீ கடையைச் சாத்தினால், இது பாடுமா?’ பாடும் என்றால் விலை கொடுங்கள். பாடாது என்றால் வாடகை மட்டும் கொடுங்கள்.