மறைக்கப்பட்டதா, மறக்கப்பட்டதா?



டான் பிரவுன் எழுதிய 'த டா வின்சி கோட்' நாவல் 2003-இல் வெளிவந்தது. 2006-இல் அது திரைப்படமானபோது தமிழக அரசு தடை விதித்தது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. பரபரப்பு ஓய்ந்துவிட்டது. ஆனால் "இயேசு மகதலா மரியாவை மணந்தாராமே, திருச்சபை அதை மறைத்துவிட்டதாமே?" என்ற கேள்வி மட்டும் ஓயவில்லை. நம் பிள்ளைகள் இன்றும் கேட்கிறார்கள். நாம் என்ன பதில் சொல்கிறோம்?

இரகசியத்தைக் காத்துவந்ததாக நாவல் கூறும் சீயோன் சங்கம் 1099-இல் தோன்றியது என்று அதன் முன்பக்கமே அறிவிக்கிறது. உண்மையில் அது 1956-இல் பிரான்சு நாட்டில் பியேர் பிளாந்தார் என்பவரும் அவருடைய நண்பர்களும் பதிவு செய்த சங்கம். அதற்குப் பழமை காட்டப் போலி ஆவணங்கள் தயாரிக்கப்பட்டு, பாரிஸ் தேசிய நூலகத்தில் வைக்கப்பட்டன.

325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தில்தான் வாக்கெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினார்கள் என்பது மற்றொரு கதை. அதற்கு ஏறக்குறைய 270 ஆண்டுகளுக்கு முன்னரே தூய பவுல் தம் திருமுகங்களில் இயேசுவை ஆண்டவர் என்று அறிக்கையிட்டுவிட்டார். மகன் தந்தைக்கு இணையானவரா, அல்லது ஆரியுஸ் கூறியதுபோல் படைக்கப்பட்டவரா என்பதே நிசேயாவில் எழுந்த கேள்வி. நூற்றுக்கணக்கான ஆயர்களுள் இறுதிவரை கையெழுத்திட மறுத்தவர்கள் இருவரே.

ஆனால் ஒன்றை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். மகதலா மரியாவை விலைமகள் என்று நற்செய்தி நூல்கள் எங்கும் கூறவில்லை. 591-இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரை, லூக்கா நற்செய்தியில் வரும் பாவியான பெண்ணையும் பெத்தானியா மரியாவையும் இவரோடு ஒன்றாக்கியது. நம் மறையுரை மேடைகளும் பல நூற்றாண்டுகள் அதையே சொல்லி வந்தன. 1969-இல் திருவழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சூலை 22-ஆம் நாள் நினைவை விழாவாக உயர்த்தினார். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு, திருத்தூதர்களுக்கே நற்செய்தி சொன்னவரின் உண்மை வரலாற்றை நாம் சொல்லாமல் விட்டோம். அந்த வெற்றிடத்தில்தான் நாவல் புகுந்தது.

உறுதிபூசுதலோடு மறைக்கல்வி நூலை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகள் கேள்வி கேட்டால் கோபப்படுவது முறையா? தலைமைக் குருவின் முன் நின்றபோது, தாம் எதையும் மறைவாகப் பேசியதில்லை என்றார் நம் ஆண்டவர். நம் விசுவாசத்தில் பூட்டி வைக்க ஒன்றுமில்லை. நாவலைப் படித்த பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். இன்றிரவு குடும்ப செபத்தின்போது யோவான் நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தை அவர்களோடு சேர்ந்து வாசிப்போம்.