பனியன் கம்பெனி பொட்டியில் ஜி.டி.ஏ. ஓடுமா?

காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டீ-சர்ட் வாங்கிப் போட்டுக்கொள்ள யாரும் வெட்கப்படுவதில்லை. லேபிளை வெட்டியிருப்பார்கள், ஏதோ ஒரு தையல் கொஞ்சம் கோணியிருக்கும், அவ்வளவுதானே! துணியைத் தடவி, இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து வாங்குகிற சாமர்த்தியம் திருப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கூடவே பிறந்தது. ஆனால் அதே ஆட்களிடம் போய், பழைய கம்ப்யூட்டரைச் சரிசெய்து கேம் ஆடலாம் என்று சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள். கேம் என்றால் புதுப் பொட்டி, கண்ணாடி கேபினெட், உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி கலர் லைட்டு... அதற்கு வசதி இல்லையென்றால் செல்போனே போதும் என்று முடித்துவிடுகிறார்கள். இது தப்புக் கணக்கு.

குண்டடம் மாதிரி ஓர் ஊரை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில், காற்றாலைகளுக்கும் ஆட்டுச்சந்தைக்கும் பேர்போன பக்கம். சுற்றுப்பட்டிகளிலிருந்து கம்பெனி வேன் ஏறி பனியன் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. செக்கிங்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, பிளஸ் டூ முடித்த மகனுக்குத் தீபாவளி போனஸில் கம்ப்யூட்டர் வாங்கித் தர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டுக்கு வருஷத்தில் ஒரு தடவை மொத்தமாக வருகிற பணம் அதுதான். கடையில் காட்டுவது மாதத் தவணையில் ஒரு புது சிஸ்டம். போனஸ் முன்பணமாகப் போய்விடும். மிச்சம் வருஷம் முழுக்கச் சம்பளத்தில் பிடித்தம். இதைவிட நல்ல வழி ஒன்று, பெரும்பாலும் ஏதாவது ஒரு கம்பெனி ஆபீஸின் மூலையில், பழைய சாம்பிள் பீஸ்களுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

எக்ஸ்போர்ட் ஆபீஸ்கள் சிஸ்டங்களை மொத்தமாக வாங்கும், சில வருஷம் கழித்து மொத்தமாகக் கழிக்கும். டேலியும் மெயிலும் ஷிப்மென்ட் பேப்பரும் பார்த்த பொட்டிகள். 2012 வாக்கில் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 அந்த ரகம். அதில் ஐ5-3470 பிராசஸர் போட்டு வருவது சர்வ சாதாரணம். இந்த நம்பரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. 2015 ஏப்ரலில் ஜி.டி.ஏ. 5 கம்ப்யூட்டருக்கு வந்தபோது ராக்ஸ்டார் சிபாரிசு செய்த பிராசஸர் சாட்சாத் இதே ஐ5-3470! குறைந்தபட்சத் தேவை அல்ல, சிபாரிசு. கூடவே 8 ஜி.பி. ரேம், ஜி.டி.எக்ஸ். 660 கிராபிக்ஸ் கார்டு. ஆக, பழைய இரும்புக் கடைக்குப் போகவிருக்கும் பொட்டியில் மூளை ஏற்கெனவே சரியாக இருக்கிறது. குறை மற்ற இடங்களில்தான்.

முதல் வேலைக்குப் பெரிய செலவில்லை. பனியன் கம்பெனியில் இருந்த கம்ப்யூட்டரைத் திறந்தால், பிராசஸர் மேல் இருக்கும் ஹீட் சிங்க்கில் சின்னத் தலையணை தைக்கிற அளவுக்குப் பஞ்சு அடைந்திருக்கும். காற்று போக வழியில்லாமல் சூடேறி, பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். "சிஸ்டம் ஸ்லோ ஆயிடுச்சு" என்று ஆபீஸில் கழித்ததற்குப் பாதிக் காரணம் அந்தப் பஞ்சாகவே இருக்கலாம். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு (சுற்ற விட்டால் கெட்டுப்போகும்) பிரஷ்ஷால் தட்டி, ப்ளோயரால் ஊதி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு துளி வைத்து, போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரியையும் மாற்றினால் பொட்டிக்குப் பாதி உயிர் வந்துவிடும்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். அதைத் தூக்கிவிட்டு ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. போடுவதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ரேம் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, கடையில் யாரும் சொல்வதில்லை. 8 ஜி.பி. ஒரே ஸ்டிக்காகப் போடுவதும், 4 ஜி.பி. இரண்டாகப் போடுவதும் ஒன்றல்ல. இரண்டு ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்டில் போட்டால் தகவல் இரண்டு பாதையில் போகும். டி.டி.ஆர். 3-1600 ரேமில் ஒரு பாதைக்கு நொடிக்கு 12.8 ஜிகாபைட், இரண்டு பாதை என்றால் 25.6. தனி கார்டு வாங்க இன்னும் காசு சேராமல் பிராசஸரிலேயே இருக்கும் கிராபிக்ஸில் காலம் தள்ளுகிறவருக்கு இது பெரிய வித்தியாசம், ஏனென்றால் அந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இதே ரேமில்தான் கடன் வாங்கும். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கான தேவையால் புது ரேம் விலை உலகம் முழுக்க எகிறிய பிறகு, பழைய பொட்டியோடு வரும் ஸ்டிக்குகளைத் தூக்கிப் போடாமல் இருப்பதும் ஒரு வருமானம்தான்.

இனி கிராபிக்ஸ் கார்டு. ஆசை ஜாஸ்தியாகிற இடமும், பணம் வீணாகிற இடமும் இதுதான்.

கார்டின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் பொட்டியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்க்க வேண்டும். ஆப்டிபிளெக்ஸ் 7010 பெரிய கேபினெட்டில் இருப்பது 275 வாட். கார்டு சொருகும் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். ஐ5-3470க்கு 77 வாட், கார்டுக்கு 75, மற்ற சில்லறைக்கெல்லாம் சேர்த்தாலும் 275க்குள் தாராளமாக அடங்கிவிடுகிறது. ஆகவே தனியாக பவர் ஒயர் கேட்காத கார்டுதான் இந்தப் பொட்டிக்குப் பொருத்தம். 2014இல் வந்த ஜி.டி.எக்ஸ். 750 டிஐ 60 வாட், 2016இல் வந்த 1050 டிஐ 75 வாட். பின்னது ராக்ஸ்டார் சொன்ன 660ஐயே தாண்டிப் போகும். இதை விட்டுவிட்டு, மலிவாகக் கிடைக்கிறதே என்று 185 வாட் கேட்கும் ஆர்.எக்ஸ். 580ஐ வாங்கி வந்தால் எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டும். டெல், எச்.பி. ஆபீஸ் மாடல்கள் சிலவற்றில் வழக்கமான 24 முள் சொருகிக்குப் பதில் அவர்களின் சொந்த வடிவம் இருக்கும், அதற்கு ஒரு கன்வெர்ட்டர் தேட வேண்டும். அப்புறம் கேபினெட்டில் இடம் போதாது... வாலைப் பிடித்த கதை. ஸ்டிக்கரில் 500 வாட் என்று போட்டிருக்கும் மலிவு எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பி இறங்குவது அதைவிட மோசம். பக்கவாட்டில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். 16 ஆம்பியர் என்றால் 192 வாட், அவ்வளவுதான் சரக்கு. ஒல்லியான கேபினெட்டாக இருந்தால் பாதி உயரக் கார்டுதான் உள்ளே போகும். இதை அளந்து பார்க்காமல் கோவை வரை பஸ் ஏறக்கூடாது.

பெயர் ஒன்று, சரக்கு வேறு என்பதும் இங்கே உண்டு. ஜி.டி. 1030 என்ற கார்டு 2017இல் ஜி.டி.டி.ஆர். 5 மெமரியோடு வந்தது, நொடிக்கு 48 ஜிகாபைட். 2018இல் அதே பெயரில் சாதா டி.டி.ஆர். 4 மெமரி போட்டு இன்னொன்றை விட்டார்கள், 16.8 ஜிகாபைட். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூட! காட்டன் என்று சொல்லி பாலியஸ்டர் கலந்து விற்றால் எந்த பையர் ஒப்புக்கொள்வார்? பெட்டியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். இன்னொரு வில்லங்கம், பத்து வருஷப் பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று காட்டும்படி செய்த போலிகள். 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்டதும், இரவும் பகலும் ஓடிக் களைத்த கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் வந்து குவிந்தன. அவை எல்லாமே மோசம் என்றில்லை, ஆனால் ஃபேன் தேய்ந்திருக்கும் என்று வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் இந்தப் பொட்டிக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெலில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளதை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஐ5-3470 மூன்றாம் தலைமுறை. 750 டிஐ, 1050 டிஐ வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதையும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் மாதிரி, ரே டிரேசிங் இல்லாத கார்டில் திறக்கவே திறக்காத கேம்களும் வர ஆரம்பித்துவிட்டன. லினக்ஸ் போட்டு ஸ்டீமில் ஆடலாம், நிறைய கேம் ஓடும், ஆனால் வேலரன்ட் ஓடாது. அந்த ஒன்றுக்காகவே கம்ப்யூட்டர் வாங்குகிற பையனுக்கு இந்த வழி வேண்டாம், 8ஆம் தலைமுறைப் பொட்டி கழிக்கப்படும் வரை பொறுத்திருப்பதே மேல்.

மற்றவர்களுக்கு இது நஷ்டமே இல்லை. 2015-16 வரைக்கும் வந்த கேம்களையே ஒருவர் ஆடி முடிக்க ஒரு காலேஜ் படிப்புக் காலம் போதாது. ஆனால் செலவு ஒரு தடவையோடு நிற்க வேண்டும். எஸ்.எஸ்.டி., ரேம், கார்டு, அத்தோடு சரி. அடுத்த வருஷம் ஐ7 மாற்றலாம், அதற்கடுத்த வருஷம் போர்டு மாற்றலாம் என்று இதே பொட்டியில் போட்டுக்கொண்டே போனால், தவணையில் வாங்கிய புது சிஸ்டத்தின் விலை வந்துவிடும், பொட்டி மட்டும் பழசாகவே இருக்கும். அடுத்த போனஸ் அடுத்த பொட்டிக்கு.

"கேம் ஆடத்தானா போனஸ் காசு?" என்று அந்த அம்மா கேட்டால் அதில் தப்பில்லை. அதற்குப் பையனிடம் ஒரு பதில்தான் இருக்க முடியும். பஞ்சு எடுத்ததிலிருந்து கார்டு சொருகியது வரை அவனே செய்திருந்தால், அடுத்த தெருவில் ஒரு சிஸ்டம் நின்றுபோகும்போது கூப்பிடும் முதல் ஆள் அவன்தான்.

கார்டு வாங்கப் போகும்போது ஆட்டுச்சந்தைக்குப் போகிற மாதிரிதான் போக வேண்டும். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் ஆடு ஓட்டிக்கொண்டு வருவதில்லை. கடையிலேயே ஒரு சிஸ்டத்தில் மாட்டச் சொல்லி, ஜி.பி.யூ.-இசட் திறந்து பெயரும் மெமரியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அரை மணி நேரம் ஏதாவது ஒரு கேமை ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். "அதெல்லாம் ஓடும் தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்று அவசரப்படுத்துகிற கடையாக இருந்தால், "இல்லீங்ணா, அப்புறம் வர்றனுங்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடந்துவிடலாம்.